இலையின் அடிப்பக்கம்

தினம் நாற்பது நிமிஷம் நடக்கச் சொன்னார் தென்காசி டாக்டர்.
தொட்டிக்கும் வெண்டைப் பாத்திக்கும் நடுவே
பதினெட்டு எட்டு.
அரைக்குடம் தண்ணீர், போக வர
முப்பது நடை.
இந்தக் கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை.
சர்க்கரை இருநூற்றுப் பத்திலிருந்து
நூற்று அறுபதுக்கு இறங்கிய பிறகு
கேட்பதை விட்டுவிட்டார்.

புளியரையில் ஆனி பிறந்தால்
மலை எங்கே என்று கேட்பான் வெளியூர்க்காரன்.
ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று
சாரலைப் படுக்கப்போட்டு அடிக்கும்.
குடை இங்கே ஊன்றுகோல்தான்.
பாகல் பந்தலுக்கு நாலு பக்கமும் கயிறு.
கொல்லத்து மீன் வந்த தெர்மாகோல் பெட்டிகளில்
கத்தரி, புதினா, மல்லி.
உங்க மல்லித்தழையில் மத்தி வாடை
என்பாள் ஆவுடையம்மாள்.
எனக்குத் தெரியாது, மூக்கு போய் மூன்று வருஷம்.

காந்தாரி மட்டும் நான் வைத்ததல்ல.
எந்தக் கொண்டைக்குருவியோ தின்றுவிட்டு
மதில்மேல் உட்கார்ந்து போட்டது.
பக்கத்து வீட்டுச் சாராம்மா,
புனலூர் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் ஊசி போட்டவள்,
"கொலஸ்ட்ராலுக்கு நல்லதாணு ஏட்டே" என்று
தினம் நாலு பறித்துக்கொண்டு போவாள்.
கொலஸ்ட்ரால் அவளுக்கா எனக்கா
என்று கேட்டதில்லை.

ஆடி முதல் செவ்வாய், விடியுமுன்
பாசி வழுக்கிற்று.
விழுந்தேன் என்று சொல்ல முடியாது.
உட்காரப் போனவன் படுத்துவிட்டேன், அவ்வளவுதான்.
குடம் உருண்டுபோய்ச் சேம்பங்கிழங்கில் நின்றது.
பகவதிபுரம் பக்கம் கொல்லம் வண்டி ஊதியது.
கூப்பிடலாம்.
கூப்பிட்டால் ஆவுடை வருவாள், பிறகு சாராம்மா,
பிறகு ஓசூரிலிருந்து போனில் பாலகுற்றாலம்,
பிறகு பாத்தி முழுக்கச் சிமெண்ட்.

கிடந்தேன்.
கையை மடக்கினேன், நீட்டினேன். காலை.
இடுப்பு முனகியது, அலறவில்லை.
வெளுக்க வெளுக்க மேலே பார்த்தேன்.
வெண்டை இலைகளின் அடிப்பக்கமெல்லாம்
வெள்ளை ஈ.
பச்சரிசி மாவைத் தூவின மாதிரி
நரம்போரம் தெருத்தெருவாய்க் குடித்தனம்,
பிள்ளை குட்டியோடு.
மூன்று வாரமாய் இலை ஏன் மஞ்சளிக்கிறது என்று
உரக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்
நின்றபடி,
மேலிருந்து.

வலியைவிட வெட்கம் பெரிதாயிருந்தது.
இதே ரோட்டில், மதுவிலக்குச் சாவடியில்,
கம்பு நுனியில் கண்ணாடி கட்டி
லாரிகளின் வயிற்றுக்கடியில் நீட்டி நீட்டிப் பார்த்தவன் நான்.
மேலே மரச்சீனி மூட்டை இருக்கும்,
கீழே சாராயக் கேன் தொங்கும்.
இருபத்தாறு வருஷத்தில்
ஒரு டிரைவர் முகத்தையும் நம்பியதில்லை.
வெண்டையை நம்பியிருக்கிறேன்.

பந்தல்காலைப் பிடித்து எழுந்தபோது
நன்றாக விடிந்துவிட்டது.
"வேட்டியெல்லாம் சேறு?"
"வெள்ளை ஈ வந்திருக்கு."
கேட்டதற்கு அது பதில் இல்லை,
பொய்யும் இல்லை.
ஒன்றும் சொல்லாமல் வெந்நீர் போட்டாள்.
சாயங்காலம் பார்த்தால்
தொட்டியைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடர் கொட்டி
தென்னம்விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்,
எழுபது வயசில், முந்தானையைச் செருகி.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சவரக்கண்ணாடி
மூங்கில்குச்சி நுனியில் இருக்கிறது.
காலை ஆறரைக்கு ரோந்து.
குனிய வேண்டாம், நீட்டினால் போதும்.
இடுப்பில் வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்த பாட்டில்.
"இது எந்து வண்டி செக்கிங்?" என்கிறாள்
மதிலுக்கு அப்பாலிருந்து சாராம்மா.

கண்ணாடியில் முதலில் நரம்பு வரும்,
பிறகு ஒரு முட்டை, இரண்டு முட்டை.
கை நடுங்கினால் வானம்.
இன்னும் கொஞ்சம் நடுங்கினால்
மழிக்க மறந்த என் தாடை,
அதற்குக் கீழே தொங்கும் சதை.
அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு,
சரி, போ என்று
கையசைத்து விடுகிறேன்.